அண்ணா ஏன் விழுந்தார்

அண்ணா கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, திருமணத்தின் பின் வெள்ளவத்தைக்குக் குடிவந்து, கடந்த வருடம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் உதைபந்தாட்ட மைதானத்தில் எங்களை விட்டுப் பிரிந்தார். அவருக்கு நாற்பத்தாறு வயது. முதலாம் ஆண்டு நினைவான ஆட்டைத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தரும்போது, அவருடைய நற்குணங்களை மட்டும் எழுதி முடித்துக்கொள்ள எங்களுக்கு மனமில்லை. அவர் எப்படி வாழ்ந்தார் என்பதோடு, ஏன் போனார் என்பதையும் எழுதுகிறோம். அதை எழுத வேண்டாம் என்று சொன்னவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் அன்பினால்தான் சொன்னார்கள். ஆனாலும் எழுதுகிறோம்.

எங்கள் அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தார். அம்மா வீட்டிலிருந்து சட்டைகள் தைத்துக் கொடுத்தார். நாங்கள் இரண்டு பிள்ளைகள், அண்ணாவும் தங்கை நானும். கோயிலுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். படியிறங்கினால் ஒழுங்கை. ஒழுங்கையில் எந்த நேரமும் ஒரு பந்து ஓடிக்கொண்டிருக்கும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே அணியில் விளையாடுவார்கள். பந்து போய் அடிக்கும் கடைக் கதவின் சொந்தக்காரர் அவர்களை மூன்று மொழியிலும் ஏசுவார். அண்ணா அவருக்கு மூன்று மொழியிலும் மன்னிப்புக் கேட்பார். பிற்காலத்தில் அவருடைய தொழிலுக்குக் கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான்.

அண்ணா உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, அப்பா வேலைத்தலத்தில் மாடிப்படி ஏறுகையில் விழுந்து இறந்துபோனார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. மாரடைப்பு என்றார்கள். அதற்குமேல் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அந்த நாட்களில் யாரும் கேட்பதில்லை. அண்ணா பரீட்சையை விட்டுவிட்டு வாஃப் கிளார்க்காக வேலைக்குப் போனார். கப்பலில் வரும் பொருட்களுக்குச் சுங்கத்தில் வேலைகளை முடித்து விடுவித்தெடுக்கும் தொழில் அது. காலையில் துறைமுகம், மத்தியானத்துக்குப் பிறகு ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றம். தகிக்கும் இரும்புப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று முகம் கறுத்துத்தான் வீடு திரும்புவார். நான் பல்கலைக்கழகம் போனேன், கணக்காளராக வந்தேன் என்றால், அது அவர் தன்னுடைய படிப்பை நிறுத்தியதால் நடந்தது. அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான் பட்டம் வாங்கிய அன்று, "இனி வீட்டில ஆராவது ஒராள் கணக்குப் பிழைக்காமல் பார்க்கும்" என்று மட்டும் சொன்னார்.

கோபம் வராத மனிதர் என்று எழுத முடியாது. கோபம் வரும், ஆனால் தங்காது. கொள்கலன் லொறிச் சாரதிகள், முற்றத்துக் காவலாளிகள், சுங்க அலுவலகத்து உதவியாளர்கள் எல்லோரும் அவருக்கு "மல்லி"கள், சிங்களத்தில் தம்பிகள். அவர்களில் ஒருவருக்குப் பிள்ளை பிறந்தாலும் தாய் இறந்தாலும் அண்ணா அங்கே நிற்பார். அவருடைய இறுதிக் கிரியைக்குப் பொரளை மயானத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேரை எங்களுக்குத் தெரியாது. அவர்கள் எல்லோருக்கும் அண்ணாவைத் தெரிந்திருந்தது.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் அவர் ஒரு பழைய சைக்கிளைத் திருத்தியெடுத்து வெள்ளவத்தையிலிருந்து துறைமுகத்துக்கு ஓடத் தொடங்கினார். பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் சைக்கிளை விடவில்லை. சனிக்கிழமைகளில் பழைய நண்பர்களின் கழகத்துக்காக உதைபந்தாட்டம். புகைக்கவில்லை, குடிக்கவில்லை, வயிறு வைக்கவில்லை. நாற்பது வயது தாண்டியதும் அண்ணி வற்புறுத்தி இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். சீனி இல்லை, கொழுப்பு இல்லை. அந்த முடிவுகளை அண்ணா பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளை மாதிரி எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்.

இதயத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று எங்களுக்குத் தெரியவும் இல்லை.

இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், சைக்கிளில் மேம்பாலம் ஏறும்போது அண்ணாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இறங்கி நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறார். காலையில் சாப்பிடாமல் போனதால் வந்தது என்று அவரே முடிவு செய்துகொண்டார். இன்னொரு தடவை விளையாட்டின் நடுவில் நெஞ்சு இறுகியது. அதை அவர் கேஸ்ட்ரிக் என்றார். அதற்கு ஒரு குளிசை போட்டார், வலி போனது. இரண்டையும் அண்ணியிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கடினமாக உடம்பை வருத்தும்போது வரும் மயக்கமும் நெஞ்சு இறுக்கமும் களைப்பல்ல, அவை இதயம் தரும் எச்சரிக்கையாக இருக்கலாம் என்பது இன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்பதை றிஸ்வி நானா எங்களுக்குச் சொன்னார். ஒழுங்கைக் காலத்திலிருந்தே அண்ணாவின் அணியில் பந்துகாப்பாளராக இருப்பவர் அவர். இரண்டாம் பாதியில், பந்து தன்னிடம் இல்லாத நேரத்தில், யாரும் மோதாமல் அண்ணா முகங்குப்புற விழுந்தார். கைகளை ஊன்றக்கூட இல்லை. நண்பர்கள் ஓடிவந்து புரட்டினார்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். வலிப்பு என்று நினைத்து இன்னொருவர் மோட்டார் சைக்கிள் திறப்பை, இரும்பு பட்டால் அடங்கும் என்று, அண்ணாவின் கைக்குள் வைத்து இறுக்கிப் பிடித்தார். அண்ணாவின் வாய் இடைக்கிடை திறந்து காற்றை இழுத்தது. மூச்சு இருக்கிறது என்று எல்லோரும் ஆறுதல் அடைந்தார்கள். அது மூச்சல்ல, இதயம் நின்றுபோன உடம்பின் வெறும் இழுப்பு என்று அந்த மைதானத்தில் யாருக்கும் தெரியாது. அவருடைய நெஞ்சில் ஒருவரும் கை வைக்கவில்லை. பிறகு முச்சக்கர வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினார்கள். அங்கே தாதியரும் வைத்தியர்களும் மாறி மாறி நெஞ்சை அழுத்தினார்கள். ஆனால் நேரம் மைதானத்திலேயே போய்விட்டிருந்தது.

அன்று அங்கே நின்ற எவரையும் நாங்கள் குறை சொல்லவில்லை. அண்ணாவின் இடத்தில் வேறொருவர் விழுந்து, அண்ணா பக்கத்தில் நின்றிருந்தால், அவரும் அதையேதான் செய்திருப்பார். நானும் செய்திருப்பேன்.

திடீர் மரணம் என்பதால் பிரேத பரிசோதனை வேண்டும் என்றார்கள். உறவினர்கள் சிலர், உடம்பை வெட்டாமல் விரைவாக எடுக்க வழி இருக்கிறதா என்று தெரிந்தவர்களிடம் விசாரிக்கத் தொடங்கினார்கள். அம்மாவும் அதைத்தான் விரும்பினார். அண்ணி அதுவரை சுவரோரம் இருந்த கதிரையில் இருந்தார். எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமி, ஏன் போனவரெண்டு தெரியாமல் நான் எப்பிடி இருக்கிறது? நாளைக்குப் பிள்ளையள் கேட்டா என்ன சொல்லுறது? வெட்டட்டும். எனக்குத் தெரியோணும்."

இந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடு இருக்கும் சிலர் அந்த ஒரு முடிவினால்தான் இருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

பரிசோதனை செய்த சட்ட வைத்திய அதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி. எங்களை உள்ளே அழைத்து இருக்கச் சொல்லி, நாங்கள் விளங்கிக்கொள்ளும்வரை சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். இந்த வயதில் விளையாட்டில் விழுபவர்களுக்குப் பெரும்பாலும் இதயத்துக்குப் போகும் குழாய்களில் அடைப்பு இருக்கும். அண்ணாவுக்கு அப்படி எதுவும் இல்லை. அவருடைய இதயத்தின் தசைச்சுவர் இருக்கவேண்டிய அளவைவிட மிகவும் தடித்திருந்தது. அப்படிப்பட்ட இதயம் ஆண்டுக்கணக்கில் ஒரு குறையும் காட்டாமல் வேலை செய்யும். ஒருநாள், உடம்பை வருத்தும் நேரத்தில், துடிப்பின் ஒழுங்கு குழம்பி நின்றுவிடும். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவது. பெற்றவரிடம் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி.

அவர் கேட்டார், குடும்பத்தில் வேறு யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்தார்களா என்று. நான் அப்பாவைச் சொன்னேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு அவராகவே, அப்பாவின் தம்பியைச் சொன்னார். எங்கள் சித்தப்பா யாழ்ப்பாணத்தில் கரப்பந்தாட்டம் விளையாடும்போது விழுந்து இறந்தவர். முப்பத்தைந்து வயதும் இல்லை. வெயில் பிடித்துவிட்டது என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டார்கள். வைத்தியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தங்கையை அழைப்பதுபோல் "நங்கி, பிள்ளைகளை விளையாட விட முதல் இதயத்தைப் பாருங்கள்" என்றார். அந்தச் சொல்லை நாங்கள் எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடியும்வரைகூடத் தள்ளிப்போடவில்லை.

அண்ணாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சாம்பவிக்குப் பதினாறு வயது, பாடசாலைக் கூடைப்பந்து அணியில் விளையாடிக்கொண்டிருந்தாள். இளையவன் ஆரம்ப வகுப்பில் படிக்கிறான். அவர்கள் இருவரையும் என்னையும் இருதயநோய் நிபுணரிடம் காட்டினோம். இ.சி.ஜி. எடுத்தார்கள், எக்கோ என்ற ஸ்கேன் பரிசோதனை செய்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. இளையவனுக்கு இப்போது ஒன்றுமில்லை, ஆனால் வளர வளரத் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும். சாம்பவியின் இதயம் அவளுடைய அப்பாவின் இதயமாக இருந்தது.

போட்டி விளையாட்டு இனி இல்லை என்று நிபுணர் சொன்னார். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் விளையாட்டுச் சப்பாத்தைக் கழற்றி மேசைக்குமேல் வைத்துவிட்டு அண்ணியைக் கேட்டாள்.

"அப்பாவுக்கு இதை ஆராவது முதலே சொல்லியிருந்தா, அப்பா விளையாட்டை நிப்பாட்டியிருப்பாரா?"

அண்ணி பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அவர் நிப்பாட்டியிருக்க மாட்டார். நான் நிப்பாட்டியிருப்பன்."

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் இலகுவானவை அல்ல. சாம்பவி எங்கள் எல்லோரோடும் கோபமாக இருந்தாள், அதிகமாக அண்ணாவோடு. பல பரிசோதனைகளுக்குப் பிறகு, அவளுடைய காறையெலும்புக்குக் கீழே ஒரு சிறிய கருவியை வைத்தார்கள். இதயத்தின் துடிப்பு குழம்பினால் அது உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும். இன்று அவள் நடக்கிறாள், மெதுவாக நீந்துகிறாள், தன் பழைய அணிக்குப் புள்ளி குறிப்பவளாகப் போகிறாள். முதல் தடவை போய்விட்டு வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அடுத்த தடவையும் போனாள்.

அண்ணா இறந்து சில மாதங்களில் அவருடைய கழகத்து நண்பர்கள் வெள்ளவத்தைக்கு வந்தார்கள். அண்ணாவின் பெயரில் ஒரு நினைவுக் கிண்ணம் வைத்து வருடந்தோறும் சுற்றுப்போட்டி நடத்தவேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். அண்ணி தேநீர் கொடுத்தார், நன்றி சொன்னார். பிறகு அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்டைக்கு அவர் விழுந்த மாதிரி இன்னொராள் விழுந்தா, இந்தமுறை என்ன செய்வியள்?"

அவர்கள் தேநீர்க் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். அண்ணி சொன்னார்: "அப்ப கப் வேண்டாம். அவற்ற பேரை வச்சுக்கொண்டு திரும்பவும் ஒண்டும் தெரியாமல் நிக்கிறதுக்கு நான் சம்மதிக்க மாட்டன்."

அண்ணி கேட்டவை கடினமானவை. மைதானத்தில், இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி ஒன்று இருக்கவேண்டும். அதைப் பூட்டிய அறையில் வைக்கக்கூடாது. ஒவ்வொரு அணியிலும் நெஞ்சழுத்தும் முதலுதவியை முறையாகப் பழகியவர்கள் இருக்கவேண்டும். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் இதயத்தைப் பரிசோதித்து, வைத்தியரின் சம்மதத்தோடுதான் இறங்கவேண்டும். விளையாடும்போது மயங்கியவர்களும் நெஞ்சு நொந்தவர்களும், குடும்பத்தில் இளவயதில் திடீரென்று யாராவது இறந்தவர்களும், எந்த வயதானாலும் நிபுணரைப் பார்க்காமல் இறங்கக்கூடாது. கழகத்தின் செயலாளர் தயங்கினார். இவ்வளவும் கேட்டால் யாரும் விளையாட வரமாட்டார்கள் என்றார். விளையாட்டுக்கு முன்னால் அப்படி ஒரு கருவியைக் கொண்டுவந்து வைப்பது நல்ல சகுனமில்லை என்று இன்னொருவர் சொன்னார்.

கடைசியாகப் பேசியவர் றிஸ்வி நானா.

"தங்கச்சி சொல்றது சரி. நான் அவன்ட தலைமாட்டுல ஈந்த. மூச்சு வாற மாதிரி ஈந்திச்சி. அது மூச்சு இல்லண்டு எனக்குத் தெரியா. இனித் தெரியாதெண்டு சொல்ல நான் ரெடி இல்ல."

அவர்தான் முதலில் போய்ப் பயிற்சி எடுத்தார். பிறகு அணி அணியாக எல்லோரையும் கூட்டிப்போனார். வரமாட்டேன் என்றவர்களின் வீட்டு வாசலில் போய் நின்றார். சென்ற மாதம் போட்டி நடந்தது. நான்கு பேர் பரிசோதனைக்கு மறுத்து விலகினார்கள். அவர்களை விட்டுவிட்டே போட்டி நடந்தது. கருவி மைதானத்தின் ஓரத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு மேசையில் இருந்தது. அதை எடுக்கத் தேவை வரவில்லை. வரக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டோம். கிண்ணத்தை வென்ற அணிக்கு அதைக் கொடுத்தவர் எங்கள் அம்மா.

இதே காலத்தில் நான் அப்பாவின் பக்கத்து உறவினர்களுக்குத் தொலைபேசியில் ஒவ்வொருவராக எடுத்துச் சொன்னேன். சிலர் நன்றாகக் கேட்டார்கள். சிலர் கதையை மாற்றினார்கள். சித்தப்பாவின் மகன், தன் அப்பா இறந்தபோது கைக்குழந்தையாக இருந்தவன், இன்று ரொறன்ரோவில் இருக்கிறான். அவனும் கரப்பந்தாட்டக்காரன். "எனக்கு ஒண்டுமில்லை அக்கா, நான் குதிரை மாதிரி இருக்கிறன்" என்று சிரித்தான். நான் விடவில்லை. அவன் தொலைபேசியை எடுக்காமல் விட்டபோது அவனுடைய மனைவிக்கு எடுத்தேன். அவள் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். அவனுக்கும் இருந்தது. இப்போது அவனுடைய நெஞ்சிலும் சாம்பவிக்கு இருப்பதைப் போன்ற கருவி இருக்கிறது. இன்று மண்டபத்தில் முன்வரிசையில் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பவன் அவன்தான். தன்னைப் பற்றி எழுதச் சொன்னவனும் அவனே.

சாம்பவியைப் பற்றி எழுதத்தான் பலர் தடை சொன்னார்கள். பெண் பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேசும்போது இந்த மலர் யாருடைய கையிலாவது இருக்கும் என்றார்கள். அம்மா அதற்காகவே பல நாட்கள் என்னோடு கதைக்காமல் இருந்தார். நான் எழுதியதைச் சாம்பவியிடம் வாசித்துக் காட்டி, உன் பெயரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்கோ மாமி. இதைக் கேட்டிட்டு வராத ஆள் எனக்கு வேண்டாம்."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா பேத்தியைக் கிட்டக் கூப்பிட்டுத் தலையைத் தடவினார்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள். அண்ணாவை மடியில் தாங்கிக்கொண்டு போன நண்பர்களுக்கும், ஹோர்னை விடாமல் அடித்து வாகனங்களை விலக்கிக்கொண்டு ஓடி, பிறகு மரணவீட்டுக்கும் வந்து மூலையில் நின்ற அந்த முச்சக்கர வண்டிச் சாரதிக்கும் எங்கள் நன்றி. முடியாது என்று தெரிந்த பிறகும் கை ஓயும்வரை அழுத்திய தாதியருக்கும் வைத்தியர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உண்மையைப் பொறுமையாகச் சொன்ன சட்ட வைத்திய அதிகாரிக்கும், சாம்பவியின் கோபத்தையும் சேர்த்துக் கவனித்த இருதயநோய் நிபுணருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் இருக்கும் அயலவர்கள் எட்டுச் செலவு முடியும்வரை எங்கள் குசினியில் அடுப்பு எரிய விடவில்லை. ஒருகொடவத்தை முற்றத்து நண்பர்கள் அண்ணாவின் பாதியில் நின்ற வேலைகளை முடித்துக் கொடுத்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கடல் கடந்தும் வந்த உறவுகளுக்கும், வரமுடியாமல் தூரத்திலிருந்து எங்களோடு அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

அப்பாவின் வழி வந்த சொந்தங்களே, நீங்கள் இதயத்தைப் பரிசோதிக்காமல் இன்னும் இருந்தால், அண்ணாவுக்குச் செய்யும் அஞ்சலியாக அதைச் செய்யுங்கள். பூவும் கற்பூரமும் நாங்கள் வைத்துவிட்டோம்.

எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போய்விடாதீர்கள். மண்டபத்தின் பின்பக்கத்தில் றிஸ்வி நானா பயிற்சிப் பொம்மைகளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஒருவர் விழுந்து, கூப்பிட்டும் அசையாமல், சரியாக மூச்சு விடாமல் கிடந்தால், ஒருவரை அம்புலன்ஸுக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லிவிட்டு, நடு நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து வலுவாக, வேகமாக, உதவி வரும்வரை நிறுத்தாமல் அழுத்தவேண்டும். இதைப் படித்தால் போதாது. கை பழகவேண்டும். வேட்டியோடும் சேலையோடும் முழங்காலில் நிற்கவேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லித் தரப்போவது சாம்பவி. அவள் மாமா, பெரியப்பா என்று முறை பார்க்கமாட்டாள். நீங்கள் சரியாக அழுத்தும்வரை உங்களை எழும்ப விடமாட்டாள்.

அன்புத் தங்கை
வெள்ளவத்தை